மாதச் செலவையும் கிரிப்டோவிலேயே ஓட்டி, மிச்சத்தையும் அதிலேயே சேர்த்து வைக்க முடியுமா?

தறிநாடா (கேள்வி):

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடியோ எடிட்டிங், மோஷன் கிராஃபிக்ஸ் என் தொழில். கோவையில் சரவணம்பட்டி பக்கம் வாடகை வீடு. ஒரு ஏஜென்சியில் சம்பளத்துக்கு இருந்தேன், அதை விட்டுவிட்டு ஐந்து மாதமாக ஐரோப்பாவில் உள்ள ஒரு சின்ன ஸ்டுடியோவுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். மாதம் 1,100 யூஎஸ்டிடி (டாலர் விலையோடு கட்டிய கிரிப்டோ காயின்) என் கிரிப்டோ வாலட்டுக்கு வந்துவிடுகிறது. அவர்கள் வேறு வழியில் தர மாட்டோம் என்று சொன்னதில்லை, நான்தான் முதல் மாதம் அப்படிக் கேட்டேன். பத்து நிமிஷத்தில் பணம் வந்ததும் இதைவிட நல்ல வழி உலகத்திலேயே கிடையாது என்று தோன்றிவிட்டது.

செலவு இப்படிப் போகிறது: வாடகை 11,000. மளிகை, பால், காய்கறி 14,000. பைக் தவணை 4,200. ஊரில் அப்பா அம்மாவுக்கு 10,000. கரண்ட், நெட், சிலிண்டர், பெட்ரோல் எல்லாம் சேர்ந்து 7,000. மனைவிக்கு இது ஐந்தாம் மாதம், டாக்டர், ஸ்கேன், மருந்து என்று 5,000 பக்கம். சில்லறைச் செலவு ஒரு 3,000. ஆக 54,000 சொச்சம்.

கூடப் படித்த நண்பன் ஒருவன் ஒரு யோசனை சொல்கிறான். வந்ததை முழுவதும் ரூபாயாக மாற்றாதே, வந்த அன்றே பிட்காயின் வாங்கிப் போடு, வாடகை நாள் வந்தால் வாடகைக்கு வேண்டிய அளவு மட்டும் விற்றுக்கொள், பள்ளிக்கூடம், வீடு என்று பெரிய செலவு வரும்போது பார்த்தால் உள்ளே ஒரு மலையே இருக்கும் என்கிறான். செலவும் ஆச்சு, சேமிப்பும் ஆச்சு என்பது அவன் கணக்கு. கேட்கும்போது சரியாகத்தான் இருக்கிறது. இரவில் படுத்தால்தான் சரியாக இல்லை.

இதுவரை மூன்று மாதம் தேவைக்கு மட்டும் கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் விற்றேன், இரண்டு மாதம் நண்பன் சொன்ன ஆளிடம் பி2பியில், அதாவது ஆளுக்கு ஆள் நேரடியாக விற்றேன். இப்போது கையில் 1,900 யூஎஸ்டிடி இருக்கிறது. இப்படியே ஓட்டலாமா? வரி எப்படி வரும்? எவ்வளவு உள்ளே விட்டு வைக்கலாம்? இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


மஞ்சப்பை:

வாடகையை பிட்காயினில் வாங்கிக்கொள்ளும் வீட்டுக்காரர் சரவணம்பட்டியில் இருந்தால் சொல்லுங்கள், நானும் குடிவந்துவிடுகிறேன்.

சரி, கிண்டல் போதும். உங்கள் செலவில் ஒன்றுகூட கிரிப்டோவில் கட்டக்கூடியது இல்லை. பால்காரர், மெடிக்கல், அப்பா, எல்லாருக்கும் ரூபாய்தான். அப்படியானால் நீங்கள் செய்வது ‘கிரிப்டோவில் செலவு செய்வது’ இல்லை, மாதம் ஐந்தாறு தடவை கிரிப்டோ விற்பது. இரண்டும் ஒன்றல்ல. அடுத்து வருகிறவர்கள் வரியைப் பற்றிச் சொல்வார்கள், அப்போது புரியும்.


பழைய கணக்கன்:

தம்பி, நான் முப்பது வருஷம் ஆடிட்டர் ஆபீசில் குப்பை கொட்டியவன். உங்கள் கேள்விக்குள் இரண்டு தனித்தனி வரி ஒளிந்திருக்கிறது, அதைப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலாவது, வேலைக்குக் கூலியாக 1,100 யூஎஸ்டிடி வருகிறதே, அது வந்த அன்று ரூபாயில் என்ன மதிப்போ அது உங்கள் தொழில் வருமானம். டாலரில் வந்தாலும் நெல்லாக வந்தாலும் வருமானம் வருமானம்தான். கணக்குக்குச் சுலபமாக ஒன்று 90 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன், 99,000 ஆகிறது. வருஷத்துக்கு 11,88,000. புதிய வரிமுறையில் 2025-26 நிதியாண்டிலிருந்து 12 லட்சம் வரை வருமானத்துக்குத் தள்ளுபடி இருப்பதால் இந்த ஒரு வருமானம் மட்டும் என்றால் உங்களுக்கு வரியே வராது. கம்ப்யூட்டர், சாஃப்ட்வேர் சந்தா, நெட் என்று தொழில் செலவையும் கழிக்கலாம். இது நல்ல செய்தி.

இரண்டாவதுதான் கடிக்கும். வந்த யூஎஸ்டிடியையோ, அதைக் கொடுத்து வாங்கிய பிட்காயினையோ பின்னால் லாபத்துக்கு விற்றால் அந்த லாபத்துக்கு 30%, அதன் மேல் 4% செஸ், ஆக 31.2%. 2022 ஏப்ரல் 1 முதல் இதுதான் நடைமுறை. 12 லட்சத் தள்ளுபடி இந்த லாபத்தைத் தொடாது. வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. எல்லாவற்றையும்விட மோசம், நஷ்டத்தை எதனோடும் ஈடுகட்ட முடியாது, அடுத்த வருஷத்துக்கும் கொண்டுபோக முடியாது.

இது மாதாமாதம் விற்கிறவருக்கு என்ன செய்யும் என்று பாருங்கள். சித்திரையில் விற்றதில் 8,000 லாபம், ஆடியில் விற்றதில் 6,000 நஷ்டம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பையில் நிஜமாக ஏறியது 2,000. வரி 8,000-க்கு, அதாவது 2,496. இரண்டாயிரம் சம்பாதிக்க இரண்டாயிரத்து ஐந்நூறு கட்டுகிறீர்கள். ஒரு தடவை வாங்கிப் பத்து வருஷம் பேசாமல் இருப்பவனுக்கு இந்தச் சட்டம் பெரிதாக வலிக்காது. வாடகைக்கு, மளிகைக்கு என்று துண்டுதுண்டாக விற்பவனுக்குத்தான் ஒவ்வொரு துண்டிலும் வலிக்கும். உங்கள் நண்பர் சொன்ன முறை சரியாக இந்த இரண்டாவது ஆளுக்கானது.

இன்னொன்று, யூஎஸ்டிடியைக் கொடுத்து பிட்காயின் வாங்குவதும் ஒரு விற்பனைதான். ரூபாய் கைக்கே வரவில்லையே என்று சொல்லித் தப்ப முடியாது. கிரிப்டோ கொடுத்து ஷாப்பிங் வவுச்சர் வாங்கினாலும் அதே கதை.

அப்புறம் 1% டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வரி, இது 2022 ஜூலை 1 முதல். லாபமோ நஷ்டமோ, விற்ற தொகையில் ஒரு சதவீதம் எக்ஸ்சேஞ்ச் பிடித்துவிடும். 99,000 விற்றால் 990. இது தொலைந்த பணம் இல்லை, உங்கள் பேரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் தெரியும், ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். ஆனால் வருஷம் முழுக்க 11,880 ரூபாய் உங்கள் கைக்கு வராமல் அங்கே படுத்துக்கிடக்கும். பி2பியில் விற்ற இரண்டு மாதத்துக்கு யார் டிடிஎஸ் பிடித்தார்கள், ரசீது எங்கே என்று இப்போதே தேடிப்பிடியுங்கள்.

ரிட்டர்ன் போட வேண்டிய படிவம் ஐடிஆர்-3, அதில் கிரிப்டோவுக்குத் தனி அட்டவணை உண்டு. ஒவ்வொரு விற்பனைக்கும் வாங்கிய தேதி, விற்ற தேதி, இரண்டு விலையும் கேட்கும். மாதம் ஆறு தடவை விற்றால் வருஷத்துக்கு 72 பதிவு எழுத வேண்டும். எழுதுவீர்களா?

இப்போது என் யோசனை. வந்த அன்றோ மறுநாளோ செலவுக்கு வேண்டியதை ஒரே தடவையாக விற்றுவிடுங்கள். வந்த அன்றைய மதிப்புதான் உங்கள் அடக்க விலை, அதே விலையை ஒட்டி விற்றால் லாபம் என்று சொல்ல ஒன்றும் இருக்காது, 30 சதவீதமும் அதோடு போச்சு. அதைவிட நல்லது, ஸ்டுடியோவிடம் பேசி வைஸ், பேயோனியர் மாதிரி வெளிநாட்டுப் பணம் அனுப்பும் சேவை வழியிலோ நேரடியாக வங்கிக்கோ அனுப்பச் சொல்வது. வங்கியில் வந்தால் வெளிநாட்டுப் பணம் வந்ததற்குச் சான்று கிடைக்கும். நாளைக்கு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டி ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டி வந்தால், ஏற்றுமதி என்று வரிவிலக்கு கேட்க அந்நியச் செலாவணியில் பணம் வந்திருக்க வேண்டும். கிரிப்டோ அந்தக் கணக்கில் சேராது. வீட்டுக் கடனுக்குப் போனாலும் மேனேஜர் பேங்க் ஸ்டேட்மென்ட்தான் கேட்பார், வாலட் ஸ்கிரீன்ஷாட்டைக் கேட்க மாட்டார்.


[இந்தப் பதிலை நிர்வாகி நீக்கினார். காரணம்: ‘தினம் 2% உறுதி’ என்று டெலிகிராம் குழுவுக்கு ஆள் சேர்த்தல்]


உப்புமா_டிவி:

பி2பி என்று பார்த்ததும் உள்ளே வந்தேன். நான் பட்டது உங்களுக்கு வேண்டாம்.

எக்ஸ்சேஞ்சில் விற்பதைவிட ஒரு யூஎஸ்டிடிக்கு இரண்டு ரூபாய் கூடக் கிடைக்கிறது, டிடிஎஸ் தொல்லையும் இல்லை என்று ஒரு வருஷம் பி2பியில்தான் விற்றேன். ஒரு நாள் காலையில் பெட்ரோல் போட்டுவிட்டு ஜிபே செய்கிறேன், போகவில்லை. இரண்டாவது தடவையும் போகவில்லை. பின்னால் வண்டி ஹாரன் அடிக்கிறது. பங்க் பையனிடம் ஹெல்மெட்டைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்து போய்க் காசு எடுத்து வந்தேன்.

பேங்கில் போய்க் கேட்டால் வடக்கே ஒரு மாநிலத்து சைபர் கிரைம் போலீஸ் கணக்கை முடக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றார்கள். நடந்தது இதுதான்: யாரோ ஒரு பெரியவரை ஏமாற்றி எடுத்த பணம் மூன்று கணக்கு தாண்டி, என்னிடம் யூஎஸ்டிடி வாங்கிய ஆள் மூலமாக எனக்கு வந்திருக்கிறது. அந்தப் பெரியவர் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் போட்டுப் புகார் கொடுத்திருக்கிறார், அவர் செய்தது சரிதான், அவர்மேல் எனக்குக் கோபமே கிடையாது. எனக்கு வந்த திருட்டுப் பணம் 14,000 மட்டுமே. ஆனால் முடங்கியது முழுக் கணக்கும். உள்ளே இரண்டு மாதச் சம்பளம், மகளுக்கு ஸ்கூல் ஃபீஸ்.

பேங்க் மேனேஜர் போலீசைக் கேளுங்கள் என்பார், அந்த ஸ்டேஷனில் போன் எடுக்க மாட்டார்கள், எடுத்தால் இந்தி. எக்ஸ்சேஞ்ச் ரசீது, சாட், என் ஆதார், பான், எல்லாவற்றையும் மெயிலில் அனுப்பி, ஒரு வக்கீலை வைத்து, 14,000-ஐ மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு மீதியை விடச் சொல்லிக் கெஞ்சி, விடுவித்து வாங்க எழுபது நாள் ஆனது. ஃபீஸுக்கு மனைவியின் வளையலை அடகு வைத்தோம். ஒரு வருஷத்தில் பி2பியில் கூடுதலாகக் கிடைத்த இரண்டு ரூபாய்களையெல்லாம் கூட்டினால் வக்கீல் ஃபீஸுக்குக்கூடக் காணாது. டிடிஎஸ் பிடிக்காமல் விட்டதற்குப் பழைய கணக்கன் சாரிடம் தனியாகத் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

நான் செய்த தப்பு என்னவென்றால், பணம் போட்ட வங்கிக் கணக்கின் பெயரும் ஆப்பில் இருந்த பெயரும் வேறு வேறாக இருந்ததைப் பார்த்தும் விட்டுவிட்டேன். ‘அண்ணன் கணக்கு’ என்றான், நம்பினேன். நண்பன் சொன்ன ஆள் என்கிறீர்களே, அவர் உங்களுக்கு எந்தப் பெயரில் இருந்து பணம் போட்டார் என்று இன்றே ஸ்டேட்மென்டில் பாருங்கள். வேறு வேறு பெயர் என்றால் அந்தக் கணக்கில் குடும்பச் செலவுப் பணத்தை வைக்காதீர்கள், தனியாக ஒன்று திறந்து மாற்றிவிடுங்கள். மனைவி இருக்கும் நிலையில் பங்கில் நான் நின்ற மாதிரி ஆஸ்பத்திரி கவுண்டரில் நீங்கள் நிற்கக் கூடாது.


தறிநாடா:

பார்த்தேன் அண்ணா. ஒரு மாதம் அவர் பெயர், இன்னொரு மாதம் ஏதோ டிரேடர்ஸ் பெயர். வயிற்றைக் கலக்குகிறது.

பழைய கணக்கன் சார், மிக்க நன்றி. ஒரே ஒரு சந்தேகம். எக்ஸ்சேஞ்சில் விற்ற மூன்று மாதமும் நான் உடனே விற்கவில்லை, விலை ஏறட்டும் என்று பத்து இருபது நாள் வைத்திருந்து விற்றேன். 88-க்கு வந்ததை 90-க்கு விற்ற மாதிரி. அதுவும் கணக்கில் வருமா?


பழைய கணக்கன்:

வரும். ஒரு மாதத்து 1,100-ஐயும் முழுசாக அப்படி விற்றிருந்தால்கூட இரண்டு ரூபாய் வீதம் 2,200 லாபம், அதற்கு 686 ரூபாய் வரி. தலை போகிற தொகை இல்லை, எழுதிக் கட்டிவிடுங்கள். எழுதாமல் விடுவதுதான் தப்பு, எக்ஸ்சேஞ்சில் உங்கள் பான் இருக்கிறது, அவர்கள் பிடித்த டிடிஎஸ் மூலமாகத் துறைக்கு விஷயம் ஏற்கெனவே போயாச்சு.


நாலுமணிப்பூ:

எனக்கு வரி எல்லாம் தெரியாது. இரண்டு பிள்ளை பெற்றவள் என்ற முறையில் சொல்கிறேன், தம்பி. முதல் பிரசவத்துக்கு 60,000 ஆகும் என்றார்கள், சிசேரியன் ஆகி, பிள்ளையை நான்கு நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, வெளியே வரும்போது 1,70,000. இன்ஷூரன்ஸ் இருந்தது, ஆனால் பிரசவத்துக்குக் காத்திருப்புக் காலம் முடியவில்லை என்று கை விரித்துவிட்டார்கள்.

உங்கள் கையில் இருக்கும் 1,900-ஐ அடுத்த நான்கு மாதத்துக்குப் பிரசவப் பணம் என்று எழுதி வையுங்கள். சேமிப்பு என்று பெயர் வைக்காதீர்கள், சேமிப்பு என்றால் கை துறுதுறுவென்று இருக்கும். ரூபாயாக்கி எஃப்டியில் போடுங்கள், பாதியை சேவிங்ஸிலேயே விட்டு வையுங்கள். வட்டி கம்மிதான், யார் இல்லை என்றது. நான் இன்னமும் போஸ்ட் ஆபீஸ் ஆர்டியும் தெரிந்த அக்கா பிடிக்கும் சீட்டும்தான். சீட்டுக்குத் தேதி தெரியும், எப்போது எடுப்பேன் என்று எனக்குத் தெரியும். பிட்காயினுக்கு அது தெரியுமா?


இரும்புப்பெட்டி:

நான் பிட்காயின் ஆள்தான், 2021-லிருந்து மாதம் 2,000 ரூபாய்க்கு வாங்குகிறேன். அதனால் இங்கே எல்லாரும் சேர்ந்து பயமுறுத்துவது எனக்குப் பிடிக்கவில்லை. நாலுமணிப்பூ அக்கா, சீட்டு பிடித்தவர் ஊரை விட்டு ஓடிய கதையும் நம் ஊரில் நிறைய உண்டு.

ஆனால் தறிநாடா, உங்கள் நண்பர் சொல்வதை நான் செய்ய மாட்டேன். ஏன் என்று என் கணக்கிலேயே சொல்கிறேன். 2021 நவம்பரில் ஒரு பிட்காயின் 69,000 டாலரைத் தொட்டது, நம் காசுக்கு 50 லட்சம். 50,000 ரூபாய் செலவுக்கு அன்று 0.01 பிட்காயின் விற்றால் போதும். சரியாக ஒரு வருஷம் கழித்து எஃப்டிஎக்ஸ் என்ற பெரிய எக்ஸ்சேஞ்ச் கவிழ்ந்தபோது விலை 16,000 டாலர், 13 லட்சம். அதே 50,000 ரூபாய்க்கு 0.038 விற்க வேண்டும், கிட்டத்தட்ட நாலு மடங்கு. பழைய உச்சத்தை மறுபடி தொட்டது 2024 மார்ச்சில். நடுவில் இரண்டு வருஷத்துக்கும் மேல் பால்காரர் காத்திருப்பாரா? இறங்கும்போது அதிகம் விற்று, ஏறும்போது கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பீர்கள். நான் தாக்குப்பிடித்ததற்கு ஒரே காரணம் அந்த 2,000 ரூபாயை நான் திரும்ப எடுக்க வேண்டிய அவசியம் வரவில்லை என்பதுதான், புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை. 2025-இல் 1,20,000 டாலரைத் தாண்டியபோது சந்தோஷப்பட்டேன், அதற்கு முன்னால் மனைவியிடம் எத்தனை தடவை திட்டு வாங்கினேன் என்பது தனிக் கணக்கு.

யூஎஸ்டிடி அப்படி ஆடாது, அது டாலரோடு கட்டியது என்பீர்கள். பெரும்பாலும் ஆடாதுதான். ஆனால் 2023 மார்ச்சில் யூஎஸ்டிசி என்ற இன்னொரு ஸ்டேபிள்காயின், அதன் கையிருப்பில் 330 கோடி டாலர் சிலிக்கான் வேலி வங்கியில் மாட்டிக்கொண்டதால் ஒரு வார இறுதியில் 88 சென்ட்டுக்குக் கீழே போய்த் திரும்பியது. திரும்பியது சரி. அந்த சனிக்கிழமை உங்களுக்கு ஆஸ்பத்திரியில் பணம் கட்ட வேண்டியிருந்தால்?

எங்கே வைப்பது என்பதும் முக்கியம். வாசிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சில் 2024 ஜூலை 18 அன்று சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் ஹேக் ஆயின. காயின்களை எடுக்க முடியாமல் லட்சக்கணக்கானவர்கள் 2025 அக்டோபர் வரை காத்திருந்தார்கள். அந்த விவகாரத்தில்தான் சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் கிரிப்டோ என்பது ஒருவர் உடைமையாக வைத்துக்கொள்ளக்கூடிய சொத்துதான் என்று சொன்னது, முதலீட்டாளர் ஒருவருடைய எக்ஸ்ஆர்பி காயின்களுக்குப் பாதுகாப்பும் கொடுத்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் கோர்ட்டுக்குப் போய்த்தான் சொத்து என்று நிரூபிக்க வேண்டும் என்றால் அது மாதச் செலவுக்கு ஆகிற பணம் இல்லை.

எனவே, ரூபாயில் எல்லாம் முடிந்து, அவசரத்துக்கு ஆறு மாதச் செலவு தனியாக ஒதுக்கிய பிறகு, மிச்சத்தில் ஒரு சின்னப் பங்கு. முழுசாகப் போனாலும் வீட்டில் சாப்பாட்டுத் தட்டு மாறக் கூடாது, அந்த அளவு. வாங்கினால் உங்கள் சொந்த வாலட்டுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றும்போது நெட்வொர்க்கை இரண்டு தடவை பாருங்கள், டிரான் என்ற நெட்வொர்க்கில் அனுப்ப வேண்டியதை வேறு ஒன்றில் அனுப்பி என் தம்பி 200 டாலரை ஆகாயத்தில் விட்டான்.


பனையடி:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே கதை வேறு என்பதால் சொல்லலாம் என்று நினைத்தேன்.

2022 மார்ச் தொடக்கத்தில் எங்கள் ரூபாய் டாலருக்கு 200 சொச்சம். மே மாதம் 360. எரிவாயு சிலிண்டருக்கு இரவிரவாக வரிசை, பெட்ரோலுக்கு இரண்டு நாள் வரிசை. செப்டம்பரில் விலைவாசி முந்தைய வருஷத்தைவிட 70 வீதம் கூடியிருந்தது. அந்த நேரம் வெளிநாட்டு வேலை ஒன்றுக்குக் கிடைத்த 600 யூஎஸ்டிடி என்னிடம் இருந்தது. மார்ச்சில் 1,20,000 பெறுமதி, மே மாதம் 2,16,000. பணக்காரன் ஆகவில்லை, சாமான் விலையும் கூடவே ஏறியதால் அதே அரிசி பருப்பைத்தான் வாங்கினேன். ஆனால் ரூபாயில் வைத்திருந்த அயலட்டைச் சனம் அதையும் வாங்க முடியாமல் நின்றது. எனவே டாலரில் சேமிப்பது பைத்தியக்காரத்தனம் என்று யாரும் சொன்னால் நான் கேட்க மாட்டேன்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. என் மச்சானும் டாலர் காயினில்தான் வைத்திருந்தார், ஆனால் யூஎஸ்டி (UST) என்ற டெரா காயினில், ஆங்கர் என்ற இடத்தில் 20 வீதம் வட்டி என்று போட்டிருந்தார். அதே 2022 மே மாதம் அது சில நாட்களில் ஒன்றுமில்லாமல் போனது. என் காசு ஏறிய அதே மாதம் அவர் காசு கரைந்தது. பெயரில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். இரண்டு பேரும் ஒரே பெட்ரோல் வரிசையில்தான் நின்றோம், அவர் என்னோடு கதைக்கவில்லை.

இங்கே கிரெடிட், டெபிட் கார்டால் கிரிப்டோ வாங்கக் கூடாது என்று மத்திய வங்கி சொல்லியிருக்கிறது, எனவே பழகிய ஆட்களிடம் கைமாற்றாக வாங்கி விற்பதுதான். அது எவ்வளவு ஆபத்து என்று உப்புமா அண்ணை மேலே எழுதிவிட்டார்.

தம்பி, உங்களுக்கு வருமானமே டாலரில்தானே. ரூபாய் விழுந்தால் அடுத்த மாதச் சம்பளம் தானாக ஏறும். உங்களுக்கு வேண்டிய பாதுகாப்பு வேலையிலேயே இருக்கிறது, சேமிப்பையும் கொண்டுபோய் அதே கூடையில் வைக்க எனக்கென்றால் மனம் வராது.


மஞ்சப்பை:

பனையடி எழுதியதற்கு ஒரு ஒட்டு. இன்னமும் ‘யூஎஸ்டிடியைப் பூட்டி வைத்தால் வருஷத்துக்கு 12%’ என்று விளம்பரம் வரும். கிரிப்டோவுக்கு வட்டி தருவதாகச் சொன்ன நிறுவனங்களில் 2022-இல் செல்சியஸ் ஜூன் மாதமும் வால்ட் ஜூலை மாதமும் பணம் எடுப்பதை நிறுத்தியபோது உள்ளே மாட்டியவர்களில் பலர் இப்படி வட்டிக்குப் போட்டவர்கள்தான். சாவி அந்த நிறுவனங்களிடம் இருந்தது.


தறிநாடா:

எல்லாருக்கும் தனித்தனியாக எழுத முடியவில்லை, மன்னிக்கவும். மூன்று நாள் கழித்து வந்து சொல்கிறேன்.

முதல் நாளே மனைவியிடம் இந்தப் பதில்களைப் படித்துக் காட்டினேன். வரி, ஹேக் எதற்கும் அவள் அசையவில்லை. ‘ராத்திரி ரெண்டு மணிக்கு வலி எடுத்தா இந்தக் காச எப்படி எடுப்ப?’ என்று மட்டும் கேட்டாள். எக்ஸ்சேஞ்சில் விற்று, வங்கிக்கு அனுப்பி என்று சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன். போன மாதம் ஒரு தடவை அந்த ‘வங்கிக்கு அனுப்பி’க்கு ஒன்பது மணி நேரம் ஆனது.

1,900-இல் 1,800-ஐ எக்ஸ்சேஞ்சில் விற்றாச்சு, 1,620 ரூபாய் டிடிஎஸ் போனது, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு லட்சம் எஃப்டி, மீதி மனைவி பெயரில் இருக்கும் சேவிங்ஸில். எனக்குப் புதிதாக ஒரு வங்கிக் கணக்கு திறக்க எழுதிக் கொடுத்திருக்கிறேன், பி2பி பணம் வந்த பழைய கணக்கில் 2,000 மட்டும் விட்டு வைத்திருக்கிறேன். ஸ்டுடியோவுக்கு மெயில் போட்டேன், ‘எங்களுக்கும் வங்கிதான் வசதி, நீங்கள்தான் வேண்டாம் என்றீர்கள்’ என்று ஒரு சிரிப்போடு பதில் வந்தது. அடுத்த மாதத்திலிருந்து வைஸ்.

மிச்சம் 100 யூஎஸ்டிடியை விற்கவில்லை. அதை மட்டும் பிட்காயினாக்கி வைக்கப்போகிறேன். நண்பனிடம் இதைச் சொன்னேன், கோழை என்றான். அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.


இரும்புப்பெட்டி:

நல்லது. வாலட்டைத் திறக்கும் ரகசியச் சொற்களான சீட் ஃப்ரேஸ் 12 சொல்லையும் போனில் போட்டோ எடுத்து வைக்காதீர்கள். எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்?


தறிநாடா:

இதை இங்கே கேட்கிறீர்களே அண்ணா. அரிசி டப்பாவில் இல்லை என்பது வரைக்கும் சொல்கிறேன்.